வாடகை ஜாக்கெட்டும் என் மூச்சும்

இன்று காலை பாண்டிச்சேரி கடலில் ஸ்கூபா டைவிங் போனேன். துணைக்கு, காஞ்சிபுரத்தில் தறி நெய்யும் என் பள்ளித் தோழன் குமரன்.

என் டைவிங் சாமான்கள் ரிப்பேரில் இருந்ததால் எல்லாமே வாடகை. காற்றடைத்து மிதக்க உதவும் ஜாக்கெட் ஒரு சைஸ் பெரியது. அதன் காற்றுப் பொத்தான்களும் நான் பழகாத இடத்தில் இருந்தன. ஒரே மட்டத்தில் மிதக்க முடியாமல் அதில் காற்றை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தேன். பதற்றத்தில் மூச்சும் வேகமாக வாங்கியது.

இருபதாவது நிமிடம் பார்த்தால், சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் மீட்டரில் முள் இருநூறிலிருந்து ஐம்பதுக்கு வந்துவிட்டது. ஐம்பதைத் தொட்டால் மேலே ஏறிவிட வேண்டும். குமரனிடம் இன்னும் நூற்றிருபது இருந்தது. என் கண்களைப் பார்த்ததுமே அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவசரப்படாமல், சேர்ந்தே மேலே வந்தோம்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஒரே வெட்கம்.

"எட்டாவது படிக்கும்போது முசரவாக்கம் கிணத்துல மூச்சடக்குறதுல நான்தானே ஃபர்ஸ்ட்? இன்னிக்கு இப்படி ஆயிடுச்சேபா" என்றேன்.

அவன் சிரித்தான். "நீ மோட்டார் பைப்புக்குப் பின்னாடி மூக்க மட்டும் வெளிய நீட்டிக்கினு இருந்தது எனக்கு அப்பவே தெரியும்பா."

"அப்புறம் ஏன்டா யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை நீ வரமாட்டியே."

செங்கல்பட்டு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்று எங்களோடு அந்தக் கிணற்றில் குதித்த மற்ற மூவரும் இங்கே என் ஃபேஸ்புக் நண்பர்கள் பட்டியலில்தான் இருக்கிறீர்கள். உங்களுக்கும் தெரியுமா? உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் இன்பாக்ஸில்.