பூட்டைத் திறந்ததும் வெடித்த துப்பாக்கி

என் தங்கையின் புருஷன் வேட்டைக்காரன் ஆனதற்குக் காரணம் அவனுடைய மேலாளர்தான். பிரெஞ்சு நாட்டின் ரூவாசி விமான நிலையத்தில் பொதி ஏற்றும் பகுதியில் மச்சானுக்கு வேலை. அந்த மேலாளர் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப்பன்றி சுடுகிற பிரெஞ்சுக்காரர். ஒருநாள் பேச்சுவாக்கில், நீயும் ஒருமுறை வாயேன் என்று சொல்லிவிட்டார். எங்கள் ஆட்களிடம் மரியாதைக்குக்கூட எதையும் சொல்லக்கூடாது. மச்சான் பரீட்சை எழுதி, வேட்டை அனுமதிப் பத்திரம் எடுத்து, பழைய துப்பாக்கி ஒன்றும் வாங்கி, கூசேன்வில் ஊரிலுள்ள தன் வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டான்.

வெடிச்சத்தம் வேண்டாம் என்றுதானே யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்தோம், இந்த மனுஷன் அதைக் கேட்கச் சந்தா கட்டுகிறார் என்று தங்கை என் கடைக்கு வந்து புலம்பினாள். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் எனக்கு மளிகைக் கடை. ஞாயிறு வியாபாரத்தை விட்டுவிட்டு நானும் ஒருமுறை போய்ப் பார்த்து வரவேண்டும் என்றாள். போனேன்.

பத்துப் பன்னிரண்டு பேர் செம்மஞ்சள் அங்கி போட்டு நின்றார்கள். எனக்கும் ஒன்று தந்தார்கள். வீதி திருத்தப் போகிறவன் மாதிரி இருந்தேன். வெள்ளை மீசை வைத்த குழுத் தலைவர் பூசை மந்திரம் போல விதிகளைச் சொன்னார். துப்பாக்கி நிலத்தையோ வானத்தையோதான் பார்க்க வேண்டும். வேட்டை முடிந்ததென்று கொம்பு ஊதியதும் நின்ற இடத்திலேயே குண்டை எடுத்துவிட வேண்டும்.

மூன்று மணி நேரம் ஒரு மரத்தடியில் நின்றோம். பன்றிகளுக்கு எங்கள் வருகை முன்பே தெரிந்திருக்க வேண்டும். எனக்குப் பார்க்க வேறொன்றும் இல்லாததால் மச்சானின் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பயம்தான். விரல் விசையைத் தொடாமல், துப்பாக்கியின் மரக்கட்டையோடு நீட்டி ஒட்டியபடியே இருந்தது.

கொம்பு ஊதினார்கள். மச்சானின் துப்பாக்கி, ஒவ்வொரு சூட்டுக்கும் பக்கத்துக் கைப்பிடியைத் தூக்கி இழுக்க வேண்டிய வகை. பாதுகாப்புப் பூட்டு போட்டிருந்தால் அந்தக் கைப்பிடி அசையாது. அதாவது குண்டை வெளியே எடுக்க முதலில் பூட்டைத் திறந்தாக வேண்டும். இதை யார் யோசித்துச் செய்தார்களோ தெரியாது. மச்சான் குழலை நிலத்துக்குத் திருப்பி, பெருவிரலால் பூட்டைத் தள்ளினான். ஆள்காட்டி விரல் அப்போதும் கட்டையோடுதான் இருந்தது.

வெடித்தது.

ஓரடி தள்ளி வைத்திருந்த என் பைக்குள் குண்டு போனது. முகமெல்லாம் சேறு. நான் கால்களை எண்ணிப் பார்த்தேன், இரண்டும் இருந்தன. பைக்குள் மட்டன் ரோல்ஸ் இருந்தது. யாரோ ஒருவருடைய வேட்டை நாய் ஓடிவந்து, ஒரு விசாரணையும் இல்லாமல் அதைத் தின்னத் தொடங்கியது.

மற்றவர்களின் விசாரணையும் அவ்வளவுதான். விரல் விசையில் பட்டிருக்கிறது, புது ஆள், முடிந்தது. தலைவர் மச்சானை இனிமேல் வரவேண்டாம் என்றார். மேலாளர் ஒரு மரத்தின் உச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் பார்த்ததைச் சொல்லியிருக்க வேண்டும். வாயிலிருந்த சேற்றைத் துப்பிக்கொண்டு சும்மா நின்றேன்.

திரும்பும்போது காரில் மச்சான் கேட்டான்.

"நான் விசையைத் தொடவே இல்லை, மச்சான். நீ பாத்தனிதானே?"

"ஓம், பாத்தனான்."

"அப்ப ஏன் அங்கை சொல்லேல்லை?"

நான் காதுக்குள் இருந்த சேற்றைத் துடைத்தேன்.

அடுத்த வாரம் இருவரும் துப்பாக்கி திருத்துகிற கடைக்குப் போனோம். கடைக்காரி அறுபது வயது மதிக்கத்தக்க குள்ளமான அம்மா. உள்ளே குண்டு இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, பூட்டைப் போட்டு, கட்டையை ரப்பர்ச் சுத்தியலால் தட்டி, பூட்டைத் திறந்தார். விசையைத் தொடவில்லை. 'டிக்' என்றது. மறுபடி செய்தார். மறுபடி 'டிக்'. மச்சான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அழுவானோ என்று எனக்குப் பட்டது.

அந்த அம்மா துப்பாக்கியைக் கழற்றி முகர்ந்து பார்த்து, என்ன எண்ணெய் போட்டீர்கள் என்று கேட்டார். மச்சான் என்னைப் பார்த்தான். நல்லெண்ணெய். என் கடைப் போத்தல். இரும்புக்குப் பூச என்று கேட்டபோது தோசைக்கல்லுக்கு என்று நினைத்துக் கொடுத்திருந்தேன். அது உள்ளே பிசின் மாதிரி இறுகிக் கிடந்தது. போதாததற்கு, முன்பு வைத்திருந்தவர் விசை லேசாக இருக்கட்டும் என்று ஒரு திருகாணியையும் தளர்த்தியிருந்தார். பூட்டு போட்டிருக்கும்வரை, சுடும் ஊசியைத் தடுத்து வைக்கிற உள்கொக்கியை அந்தப் பூட்டே தாங்கிப் பிடிக்கும். திறந்ததும் கொக்கிக்கு உட்கார இடமில்லை, நழுவிவிடும் என்று விளக்கினார். குழல் நிலத்தைப் பார்த்ததால்தான் உன் மச்சான் இங்கே நிற்கிறான் என்று என்னைக் காட்டிச் சொன்னார். நான் நிற்கவில்லை, கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தேன்.

அவர் எழுதித் தந்த கடிதத்தோடு தலைவர் வீட்டுக்குப் போனோம். இந்தத் தடவை நான் பேசினேன். விரல் விசையில் இல்லை, நான் மூன்று மணி நேரம் அதை மட்டும்தான் பார்த்தேன் என்பதை, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், பெரும்பாலும் கையால் சொன்னேன். தலைவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மச்சானிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு எல்லோருடைய துப்பாக்கியையும் அந்த அம்மாவிடம் அனுப்பினார். இன்னும் ஒரு துப்பாக்கி அதேபோல 'டிக்' என்றது. அது தலைவருடையது.

மச்சான் விசைப் பகுதியை மாற்றிக்கொண்டு இப்போதும் போகிறான். கொம்பு ஊதியதும் எல்லோரும் ஆளில்லாத வெறும் மண்மேட்டுப் பக்கம் குழலைத் திருப்பிய பிறகே பூட்டைத் தொடுகிறார்களாம். பன்றி இன்னும் ஒன்றும் விழவில்லை. தங்கைக்கு அதில் பரம திருப்தி.