அம்மாவின் சிறுவாடும் அப்பாவின் நம்பரும்

கருவாட்டுப் பானைக்குள் யாரும் கைவிட மாட்டார்கள். மீன் விற்று மிச்சம்பிடித்த சிறுவாட்டை அம்மா அதனால்தான் அதற்குள் வைத்திருந்தாள். அப்பா குடிகாரர் இல்லை. நல்ல மனிதர். ஆனால் இல்லை என்று சொல்லத் தெரியாது. அவரிடம் பைசா இருப்பது தெரிந்தால் போதும், கரையில் இருக்கிற அத்தனை பேருக்கும் திடீரென்று கஷ்டம் வந்துவிடும். பானையில் இருந்தது என் நர்சிங் கட்டணம். அதைக் கட்டினால்தான் முதல் வருடப் பரீட்சை எழுத விடுவார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பழைய நோட்டு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா நோட்டுகளை வெயிலில் காயவைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு குளச்சலில் வங்கி வரிசையில் நின்றாள். கவுண்டரில் இருந்தவர் மூக்கைச் சுளித்துக்கொண்டே வாங்கி அம்மாவின் கணக்கில் போட்டார். பிறகு மெசேஜ் வருவதற்குப் போன் நம்பர் கேட்டார்.

"வீட்டுல ஒரு போனுதான் உண்டு. அது அவருக்க கையில, கடலுல கெடக்கு."

"அந்த நம்பரே போதும்மா."

அம்மா மனப்பாடமாகச் சொன்னாள். எங்கள் ஊர்ப் பெண்கள் எதற்கும் வீட்டுக்காரர் நம்பரைத்தான் கொடுப்பார்கள். ஆழ்கடலில் டவர் கிடைக்காது என்ற தைரியமும் அவளுக்கு இருந்தது.

மறுநாள் கல்லூரிக் கணக்குக்கு அனுப்பப் போனால் வங்கியில் கம்ப்யூட்டர் லைன் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

"எனக்க பைசா உள்ளதானே இருக்கு? எடுத்துத் தாங்க."

"கம்ப்யூட்டர் வந்தாத்தான் தர முடியும்மா."

"பானைக்கு லைனும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்" என்று முணுமுணுத்தபடியே அம்மா படியிறங்கினாள்.

அன்று சாயங்காலம் அப்பாவின் போட்டு கரைக்கு வந்தது. நாலு பேர் பங்குபோட்டு வாங்கிய படகு அது. எஞ்சின் பழுதாகி, வேறொரு போட்டு கயிறு கட்டி இழுத்துவந்தது. கரை தெரியும் தூரத்தில் டவர் கிடைத்ததும் அப்பாவின் போனில் மெசேஜ்கள் மொத்தமாக வந்து விழுந்திருக்கின்றன. அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. வழக்கம்போல் பக்கத்தில் இருந்த பங்காளியிடம் போனை நீட்டியிருக்கிறார். அவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்திருக்கிறார்: அம்மாவின் பெயர், விழுந்த தொகை, எல்லாமே. எஞ்சினுக்கு எங்கே போவது என்று தலையில் கைவைத்திருந்த மற்றவர்கள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்களாம்.

அப்பா வீட்டுக்குள் வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கடலுல வச்சி வாக்கு குடுத்தாச்சு மக்கா."

கடலில் கொடுத்த வாக்கை மாற்றினால் அப்புறம் அவரை யாரும் போட்டில் ஏற்ற மாட்டார்கள். அது எனக்கும் தெரியும். அம்மா அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" என்றார் அப்பா.

"சொல்லாம வச்சதுனாலதான் இம்புட்டு நாளு இருந்துச்சு" என்றாள் அம்மா.

லைன் வந்த அன்றே பணம் எஞ்சினுக்குப் போனது. நான் பரீட்சை எழுதவில்லை. கல்லூரிக்குத் திரும்பிப் போகவும் இல்லை. நாசமாய்ப் போகட்டும் என்று யாரைத் திட்டுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் இறால் உரிக்கிற கம்பெனியில் சேர்ந்தேன். கூலியைக் கணக்கில்தான் போடுவோம், போன் நம்பர் சொல்லு என்றார்கள். வீட்டில் அப்போதும் ஒரே போன்தான்.

அப்பாவின் நம்பரைச் சொன்னேன்.