தீவுகளுக்குப் போகும் பக்கம்

அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவள் ‘பொத்தான்’. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மருந்துக்கடையின் இணையப் பக்கத்தில், ‘வாங்கு’ என்ற பொத்தான் கட்டைவிரலுக்குச் சிறியதாக இருக்கிறது என்று சொல்லி முதலாளியோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டினாள். கடைசியில் அவர், “அம்மா தாயே, உன் இஷ்டத்துக்கு வச்சுக்கோ, என்னை விட்டுடு” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அவளுக்கு அதில் வருத்தமில்லை. கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

அவள் பார்த்தது முன்பக்க வேலை. இணையப் பக்கத்தில் மனிதர்கள் கண்ணால் பார்த்து விரலால் தொடும் பகுதியெல்லாம் அவள் பொறுப்பு. கணக்கு வழக்கு, சேமிப்பு எல்லாம் பின்னால் வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். முன்பக்கத்தில் கருவிகள் மாறும் வேகம் சொல்லி மாளாது. பக்கம் கட்டுவதற்கான சட்டகமாக ஒரு ஃபிரேம்வொர்க்கைக் கற்று, கை பழகி, அப்பாடா என்று சாய்வதற்குள் இன்னொன்று வாசலில் வந்து நிற்கும். கூட இருந்தவர்கள் இதைச் சொல்லிப் புலம்பாத நாளில்லை. அவள் புலம்பியதில்லை. புதிதாக ஒன்று வந்தால், அது என்ன செய்கிறது என்று பார்ப்பதற்கு முன், அதை உருவாக்கியவர் ஏன் உருவாக்கினார் என்று தேடிப் படிப்பாள். எங்கேயோ யாரோ தலையைப் பிய்த்துக்கொண்டதில்தான் ஒவ்வொன்றும் பிறக்கிறது என்பது அவள் கண்டது. அதனால் எந்தக் கருவியையும் அவள் இளக்காரமாகப் பேசிக் கேட்டவர் கிடையாது.

“எல்லாமே நல்ல மருந்துதான். நமக்கு அந்த வியாதி இருக்கான்னு பாத்துட்டு முழுங்கணும், அவ்வளவுதான்” என்பாள்.

இதை அவள் அதிகம் சொன்னது பக்கத்து மேசைக்காரனிடம். அவனுக்குப் பட்டப்பெயர் ‘புதுசு’. காலையில் தோள்பையை இறக்கி வைப்பதற்குள்ளேயே, “புதுசா ஒண்ணு வந்திருக்கு!” என்று ஆரம்பித்துவிடுவான். வெள்ளந்தியான ஆள். வேலையில் புலி. இருவரும் அண்ணன் தங்கை மாதிரி சண்டை போடுவார்கள், மதியம் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் படகுக் கம்பெனியின் வேலை வந்தது. கரையிலிருந்து அக்கம்பக்கத் தீவுகளுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி. பயண நேரம், இருக்கை பதிவு, கடலில் படகு இப்போது எங்கே வருகிறது என்று காட்டும் வரைபடம் எல்லாம் ஒரே பக்கத்தில் வேண்டும் என்றார்கள். புதுசுவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்போதைக்குப் பேர் வாங்கியிருந்த பெரிய ஃபிரேம்வொர்க் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். பொத்தானும் மனமார ஒத்துக்கொண்டாள். வரைபடத்தைத் தன் கையாலேயே செய்தாள். நீலத்தில் ஒரு குட்டிப் படகு மெல்ல ஊர்ந்து வளைந்தபோது முதலில் கைதட்டியதும் அவள்தான்.

பக்கம் வெளிவந்து சில வாரங்கள் கழித்து, விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். அக்கா இருப்பது ஒரு தீவில். அக்காவின் கணவருக்கு இக்கரைப் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலை. படகேற வந்த இவளைக் கண்டதும் அத்தான் வழக்கம்போல வாயெல்லாம் பல்லாக வரவேற்கவில்லை. கூண்டைவிட்டு அவசரமாக வெளியே வந்து கண்ணாடிக்கு முன்னால் அகலமாக நின்றுகொண்டார்.

“என்ன அத்தான் மறைக்கிறீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. சும்மா ஒரு காகிதம். அழகுக்கு ஒட்டினது.”

அவள் எட்டிப் பார்த்தாள். அத்தானின் குண்டு குண்டான கையெழுத்தில் அன்றைய படகு நேரங்கள்.

“படகு நேரத்தை யாராவது அழகுக்கு ஒட்டுவாங்களா?”

அத்தான் தலையைச் சொறிந்தார். “சொன்னா நீ வருத்தப்படுவே. இங்க சிக்னல் ரொம்பக் கம்மி. உன் பக்கத்தைத் திறந்தா அந்த வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. அதுக்குள்ள படகு தீவுக்குப் போய்த் திரும்பியே வந்துடுது. ‘நம்ம மச்சினி கட்டினது’ன்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன் வேற.”

அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. போய் நடைமேடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் சீருடையில் ஒரு நர்ஸ், மூலையில் விரிசல் விட்ட கைபேசியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தீவு மருத்துவமனையில் வேலையாம். காற்று வலுக்கும் என்று அன்று காலைப் படகைக் கொஞ்சம் முன்னதாகவே எடுத்துவிட்டார்கள். அந்த அறிவிப்பு இணையப் பக்கத்தில் இருந்தது. அவருடைய திரையில் மட்டும் வரவில்லை; படகைத் தவறவிட்டுவிட்டார்.

“வெறும் வெள்ளையா நிக்குது” என்றார் நர்ஸ். “போன் பழசு. தப்பு என் பேர்லதான், வேற வாங்கியிருக்கணும்.”

பொத்தானுக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

“உங்க மேலயும் தப்பில்ல, போன் மேலயும் தப்பில்லைங்க. அந்தப் பக்கத்தைக் கட்டினவங்க தப்பு.”

“யாரோ எங்கயோ உக்காந்து கட்டினது. அவங்களுக்கு என்ன தெரியும், பாவம்.”

“நான்தாங்க கட்டினேன்.”

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “அப்ப அடுத்த படகு வர்ற வரைக்கும் நீங்களே என்கூடப் பேச்சுத்துணைக்கு இருங்க.”

பொத்தான் அந்தக் கைபேசியைக் கேட்டு வாங்கி, பக்கத்தைத் திறந்து, கண் கொட்டாமல் பார்த்தாள். எங்கே மாட்டுகிறது என்று புரிந்தது. இருக்கை பதிவு, வரைபடம், குட்டிப் படகு எல்லாவற்றுக்கும் வேண்டிய நிரல் மொத்தமும் முதலில் வந்து இறங்க வேண்டும். அது இறங்கி, கைபேசிக்குள் ஓடி முடித்த பிறகுதான் நேர அட்டவணை கண்ணில் படும். தலைவலிக்கு ஒரு மாத்திரை கேட்டவரிடம் மருந்துக்கடை முழுவதையும் தூக்கிக்கொண்டு போ என்று சொன்ன மாதிரி. கைபேசி அவள் உள்ளங்கையில் சூடேறியதுதான் மிச்சம்.

விடுமுறை முடிந்து அலுவலகம் போனதும் முதல் வேலையாகப் புதுசுவிடம் சொன்னாள். அவனுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

“ஃபிரேம்வொர்க்கைக் குறை சொல்றியா?”

“அதை ஏன் சொல்றேன்? இருக்கை பதிவுக்கு அது இல்லாம நாம தொலைஞ்சிருப்போம். வெறும் நேரத்தை வாசிக்க அது எதுக்கு? நேரம் வெறும் எழுத்தா சர்வர்லேர்ந்து நேரா வரட்டும். மத்ததெல்லாம் பின்னாடி மெதுவா வரட்டுமே.”

“பாதி பழைய மாதிரி, பாதி புது மாதிரியா? ஒரு வீட்டுல ரெண்டு அடுப்பு வைக்கச் சொல்றே. பின்னாடி யார் பராமரிக்கிறது?”

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இரண்டு விதமாகக் கட்டிய பக்கம், நாளைக்குத் திருத்த வருபவனைப் படுத்தி எடுத்துவிடும். அன்று மதியம் இருவரும் வேறு வேறு மேசையில் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை படியில் தடதடவென்று சத்தம். புதுசு மூச்சிரைக்க ஏறி வந்தான்.

“புதுசா ஒண்ணு வந்திருக்கு! திட்டாம கேளு. நீ சொன்னதை அப்படியே செய்யற கருவி. பக்கம் முழுக்க வெறும் எழுத்தா முதல்லயே வந்துடும். எங்க அசைவு வேணுமோ அந்த இடம் மட்டும் தனியா உயிர் பெறும். எல்லாத்தையும் ஒரே முறையிலதான் எழுதறோம், ரெண்டு அடுப்பு கிடையாது. இதுக்கு என்ன பேரு வச்சிருக்காங்க தெரியுமா? தீவு முறை!”

அவள் கலகலவென்று சிரித்துவிட்டாள். இத்தனை நாள் அவனுடைய புதுசுப் பைத்தியத்தைக் கேலி செய்தவள், அன்று நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்தக் கருவியைச் செய்தவரின் குறிப்பை வாசித்தபோது அவளுக்குள் ஒரு மரியாதை எழுந்தது. முகம் தெரியாத யாரோ ஒருவர், வேறு ஏதோ ஒரு வெள்ளைத் திரையைப் பார்த்து அவளைப் போலவே மனம் நொந்திருக்கிறார். நொந்ததோடு நிற்காமல் வழியும் செய்து, எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்திருக்கிறார்.

முதலாளிதான் முட்டுக்கட்டை போட்டார். “நல்லாத்தானே ஓடுது? கட்டி முடிச்ச வீட்டை ஏன் இடிக்கணும்?”

அவள் நர்ஸ் சொன்னதைச் சொன்னாள். ‘தப்பு என் பேர்லதான்’ என்று அவர் சொன்ன அதே குரலில் சொன்னாள். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். “சரி, இடிங்க. ஆனா அந்தக் குட்டிப் படகு இருக்கணும். என் பேத்திக்கு அதைக் காட்டித்தான் சோறு ஊட்டறோம்.”

குட்டிப் படகு இருந்தது. ஆனால் அது இப்போது கடைசியில் வந்தது. பக்கத்தைத் திறந்ததும் முதலில் வந்தது நேரம், பெரிய எழுத்தில். அதற்கு மேலே அன்றைய அறிவிப்பு. சிக்னல் இருந்தால் வரைபடம் வரும். இல்லாவிட்டாலும் படகு தவறாது.

மழைக்காலத்தில் ஒருநாள் வானம் இருண்டு, மதியப் படகுகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் அத்தானிடமிருந்து போன் வந்தது. பின்னால் காற்று ஊளையிட்டது.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்டே!”

அவளுக்குப் பக்கென்றது. “மறுபடி திறக்கலையா அத்தான்?”

“அதெல்லாம் பளிச்சுனு திறந்துச்சு. அதான் சங்கடம். எல்லாரும் போனைப் பாத்துட்டு வீட்டோட இருந்துட்டாங்க. அந்த நர்ஸம்மா காலைப் படகுலயே போயாச்சு. பேச்சுத்துணைக்கு ஆளில்லாம நான் ஒருத்தன் இங்க ஈரக்கோழி மாதிரி உக்காந்திருக்கேன்.”

போனை வைத்ததும் புதுசுவிடம் சொன்னாள். அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். பூரிப்பில் காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு அலுவலகத்தில் ஒரு வழக்கம் வந்தது. எந்தப் பக்கத்தைக் கட்டினாலும், பழைய கைபேசிகளை எடுத்துக்கொண்டு எல்லோரும் கட்டடத்தின் அடித்தளத்துக்கு இறங்குவார்கள். வண்டிகள் நிறுத்தும் இடம். அங்கே சிக்னல் தட்டுத் தடுமாறித்தான் வரும். முதலாளி உட்பட அத்தனை பேரும் படிகளில் வரிசையாக உட்கார்ந்து திரையை முறைத்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் கீழ்த்தளக் கடைக்காரர் வண்டியை எடுக்க வந்தவர், பரிதாபப்பட்டு நின்றுவிட்டார்.

“ஏங்க இங்க வந்து கஷ்டப்படறீங்க? எங்க கடைக்குள்ள நெட் சும்மா பறக்கும், வாங்க.”

“ரொம்ப நன்றிங்க” என்றாள் பொத்தான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இதைவிட மோசமான இடம் ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க.”