நீலகங்கா கொடுத்த பயிற்சி

நீலகங்காவுக்கு முதல் பிள்ளை ஆபரேஷனில் பிறந்தது. வீட்டுக்குக் கிளம்ப இருந்த நேரத்தில் தையல் சீழ் வைத்துவிட்டது. பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுக்க முடியாமல் தவித்தாள். யாரோ கை கழுவாமல் தொட்டதால் வந்த வினை இது என்று நர்ஸான அவளுக்குப் புரியாமலா இருக்கும்? உடம்பு தேறியதும் அதைப் பற்றியே தனியாகப் படித்தாள். மற்ற நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

துங்கபத்திரைக் கால்வாயை ஒட்டிய எங்கள் ஆஸ்பத்திரிக்கு அவள் வந்தபோது, பிரசவ வார்டில் அதே தொல்லைதான். நர்ஸுகளான எங்களில் மூத்தவள் துருகம்மா எடுத்த எடுப்பிலேயே மல்லுக்கு நின்றாள்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கட்டுப் போட ஆரம்பிச்சவ நான். எனக்குக் கை கழுவச் சொல்லித் தர வந்தியா, தாயி?"

"இல்லக்கா. நான் கட்டு மாத்தறேன், நீங்க பாருங்க. தப்புப் பண்ணா 'நிறுத்து'ன்னு கத்துங்க."

மேசைமேல் கிடந்த ரப்பர் பொம்மையின் வயிற்றில் வேலையை ஆரம்பித்தாள். பாதியில் மூக்குக்கண்ணாடி சரிந்தது. கையுறை போட்ட விரலாலேயே தள்ளிவிட்டாள்.

"நிறுத்து!"

துருகம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டே எட்டிப் பார்த்தது. நீலகங்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நெசமாவே தெரியாம செஞ்சேங்கா. இப்படித்தான் கை தானா போயிடுது." கையுறையைக் கழற்றிப் போட்டு, கை கழுவி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"தள்ளு, இப்ப நான் பண்றேன். நீ கத்து பாக்கலாம்," என்றாள் துருகம்மா.

அப்புறம் ஒருவரையொருவர் பார்த்துக் கத்துவதே எங்கள் வேலையாகிவிட்டது. "நேத்து எம்புருஷன் மூக்கச் சொறிஞ்ச கையோட சோள ரொட்டி எடுக்க வந்தாரு. ஒரு கத்து கத்தினேன். மனுஷன் ஆடிப்போயிட்டாரு!" என்று துருகம்மா சொல்லிச் சிரித்தாள்.

ஒருநாள் காலை டாக்டர் தேசாயி ஒரு பெண்ணின் தையலை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, அதே கையோடு அடுத்த கட்டிலுக்குப் போனார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"நிறுத்துங்க சார்." துருகம்மாதான் சொன்னாள்.

"யாரச் சொல்றீங்க?"

"உங்களத்தான் சார். அந்தப் புண்ணத் தொட்ட கை."

நீலகங்கா போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள். டாக்டர் இருவரையும் முறைத்தார். பிறகு குழாயடிக்குப் போய், "சோப்பு எங்கம்மா?" என்றார். அந்தக் குழாயடியில் சோப்பு இல்லை! துருகம்மா ஓடிப்போய் எடுத்து வந்தாள். அன்றைக்கே அவர் ஸ்டோருக்குச் சொல்லி வார்டு முழுக்கச் சோப்பு வைக்கச் செய்தார்.

அதன்பிறகு தையல்கள் ஒழுங்காகக் காய ஆரம்பித்தன. எப்போதாவது ஒன்று சீழ் வைத்தால், எங்கே தவறியது என்று நாங்களே உட்கார்ந்து யோசித்தோம்.

பக்கத்துத் தாலுக்கா ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்க நீலகங்கா கிளம்பியபோது துருகம்மாவும் கூடவே பஸ் ஏறினாள்.

"அந்த ஊரு டாக்டரு பெரிய கோவக்காரராமே?"

"ஆமாங்கா."

"அப்ப நான் முன்னாடி நிக்கறேன். நீ கண்ணாடியப் பிடிச்சுக்கோ."