மாத்திரை பிள்ளைக்கா, மிஷினுக்கா?

எங்கள் வீட்டில் போன் கிடையாது. வியாழக்கிழமை மகள் செல்வியை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் தெரிந்தது. பக்கத்துக் கட்டிலில் புது விரிப்பு. "ஆரோக்கியசாமி சார் நேத்து போயிட்டாருங்க," என்றார் நர்ஸம்மா.

போத்தனூர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வார்டில் அவரிடம் திட்டு வாங்காதவர் யாராவது இருந்தால் இதைப் படிக்க வேண்டாம். உங்களுக்கு அவரைத் தெரியாது.

நான் வாங்கியது இது. செல்விக்கு ரத்தம் ஏறவே இல்லை. நாக்கு செக்கச்செவேலென்று புண்ணாகி, ரசம் சோறுகூட எரிந்தது. டயாலிசிஸ் நாட்களுக்கென்று ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். துடியலூரில் பஸ் ஏறும் முன்பே இட்லியோடு அதையும் என் கையாலேயே கொடுத்துவிடுவேன். நாலு மாதம். ஒருநாள் ஆரோக்கியசாமி அண்ணனிடம் அதைப் பெருமையாகவும் சொன்னேன்.

"ஏனுங்க, மாத்திரை புள்ளைக்கா, மிஷினுக்கா? ரத்தத்தைக் கழுவறப்ப அந்தச் சத்தையும் சேத்துக் கழுவிக் கொட்டிப்போடுமுங்க. முடிஞ்சப்புறம் குடுக்கோணும். புள்ளை எளைச்சுக் கெடக்குது, மிஷினைப் பாருங்க, கொழுகொழுன்னு நிக்குது!"

கோபத்தோடு நர்ஸம்மாவிடம் போனேன். சீட்டிலேயே எழுதியிருந்தது, இங்கிலீஷில். எல்லாம் புரிந்தவன் போல நான் தலையாட்டி வாங்கி வந்த சீட்டு.

நேரத்தை மாற்றியதும் நாக்குப் புண் ஆறியது. சோர்வு போகவில்லை. வாரம் இரண்டு முறை போதாது, மூன்று வேண்டும் என்றார் டாக்டர். இருப்பதோ நாலு மிஷின். ஒருவர் போனால்தான் இன்னொருவருக்கு இடம். அண்ணனுக்குச் செவ்வாய், வியாழன், சனி மூன்றும் இருந்தன.

"கண்ணு, என்ற சனிக்கெழமை உனக்குத்தான். நான் கெளம்பற வரைக்கும் பொறுத்துக்க," என்றார் செல்வியிடம். வார்டே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவன் நான்.

அதன்பின் "உடம்பு எப்படீங்ண்ணா?" என்று நான் கேட்கும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்ப்பார். "இன்னும் இருக்கறனுங்க. மன்னிச்சுப்போடுங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் யார் என்று இருவருக்கும் தெரியும்.

அந்த வியாழக்கிழமை, புது விரிப்பைப் பார்த்தபடி நின்ற என்னிடம் நர்ஸம்மா கேட்டார்: "சனிக்கிழமையும் பாப்பாவைக் கூட்டிட்டு..." அவர் முடிக்கவில்லை. "வந்தர்றோமுங்க," என்றேன். அடக்கம் எப்போது என்று கேட்கத் தோன்றவில்லை.

அண்ணன் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது ஒரு சனிக்கிழமை. செல்வி அதில் படுத்திருக்கிறாள்.