வாசலில் போட்ட நாற்காலி

எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். நாலு நான் பெற்றது. ஒன்று, என் நாத்தனார் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்மூடிய பிள்ளை. கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. ஆனால் காதில் விழுந்ததை விடமாட்டேன்.

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராஜபாளையத்திலிருந்து எங்கள் தெருப் பெண்களைச் சட்ட முகாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் கூட்டிப் போனார்கள். அப்படியே கோயிலுக்கும் போகலாம் என்றுதான் பாதிப்பேர் ஏறினோம். பள்ளிக்கூடப் பந்தலில் ஒரு வக்கீலம்மா மைக் பிடித்தார்.

"பொம்பளைங்கள விசாரிக்கணும்னா போலீஸ்தான் வீட்டுக்கு வரணும். ஸ்டேஷனுக்கு வான்னா சண்டை போடாதீங்க. ஒரு நாற்காலியப் போட்டு, இங்கேயே கேளுங்கன்னு சொல்லுங்க."

"நாற்காலிக்கு எங்க போக?" என்றாள் ஒருத்தி. பந்தலே சிரித்தது.

அந்த வாரமே, என் மகளோடு மில்லில் வேலை பார்த்த சேத்தூர்ப் பெண் ஒரு பையனோடு போய்விட்டாள். அவள் வீட்டார் போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். விளக்கு வைக்கிற நேரம் ஓர் ஏட்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். தெருமுனையில் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது.

"ஒம் மகளக் கூப்பிடு. ஸ்டேஷன்ல ஐயா விசாரிக்கணுமாம்."

மகளுக்கு ஆலங்குளத்தில் பேசி முடித்து வெற்றிலை பாக்கும் மாற்றியிருந்தோம். அந்த ஜீப்பில் அவள் கால் வைத்தால் விடிவதற்குள் அங்கே சேதி போய்விடும். கல்யாணம் நின்றுபோகும்.

பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த என் கொழுந்தன் சொன்னார்: "அனுப்புங்க மதினி. காக்கிச்சட்டைய எதுத்துப் பேசி நம்ம வீட்டுல பழக்கமில்ல. நானும் கூடப் போறேன்."

பக்கத்துத் தெலுங்குக்காரர் வீட்டில் கேட்காமலே நாற்காலியைத் தூக்கி வந்தேன். வாசலில் போட்டு முந்தானையால் துடைத்தேன்.

"உக்காருங்க ஏட்டையா. கேக்கறத இங்கனயே கேளுங்க. பொம்பளப் பிள்ளைய வீட்டுல வச்சுத்தான் விசாரிக்கணும்னு சட்டம் இருக்குல்லா."

"யாரு சொன்னா?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல வக்கீலம்மா சொன்னாக."

எதிர்வீட்டு வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். அடுத்த வாசலில் இன்னொருத்தி. பஸ்ஸில் போன அத்தனை பேரும் வந்துவிட்டார்கள்.

"ஆமா ஏட்டையா, நாங்களும் கேட்டோம். நாற்காலி போடணும்னுகூடச் சொன்னாக."

"மதினி," என்று கொழுந்தன் பல்லைக் கடித்தார். ஏட்டு ஜீப்பைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மகள் கதவைப் பிடித்தபடி, "அவ நாலு நாளா மில்லுக்கே வரல. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல," என்றாள். ஏட்டு இன்னும் ஏதேதோ கேட்டுவிட்டு எழுந்து போனார். அவரை ஏற்றிக்கொண்டு ஜீப் திரும்பியது.

லீவு முடியும்வரை கொழுந்தன் என்னோடு பேசவில்லை. ஆனால் அந்த நாற்காலியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தது அவர்தான். ஆலங்குளத்துச் சம்பந்தி விசாரித்தபோது, "ஏட்டு வந்தாரு, உக்காந்து கேட்டாரு, போயிட்டாரு," என்றேன். குறித்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அந்த மகள் பெற்ற பெண். ஏ பிள்ள, நாற்காலி போட்ட இடத்துலருந்து ஒருதரம் வாசி. நான் அவரை ஏட்டையான்னுதான் கூப்பிட்டேன், மரியாதை கொறைக்கல. அத அப்படியே எழுதியிருக்கியான்னு கேக்கணும்.