எதிர்காலத்திலிருந்து வந்த ஃபைல்கள்

போன வாரம் ஒரு சர்வர் என்னிடம் ஒரு சேதி சொன்னது. "நீ இப்போது பிரித்த ஃபைல் எதிர்காலத்தில் எழுதப்பட்டது."

சிரிக்காதீர்கள். கறுப்புத் திரையில், வெள்ளை எழுத்தில், இங்கிலீஷில் அப்படித்தான் வந்தது. ஜோசியக்காரர் சொல்லியிருந்தால் தட்சிணை வைத்துவிட்டு எழுந்து வந்திருப்பேன். சர்வர் சொன்னால் எங்கே எழுந்து போவது?

பத்தி எழுதுகிற நேரம் போக, பிழைப்புக்கு நான் கம்பெனி சர்வர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இந்தத் தடவை அழைத்தது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலை. வண்டிகளுக்கு ஒயர் செட் கட்டுகிறார்கள். வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். சர்வர் பழசாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்கியாகிவிட்டது, பழையதில் இருப்பதைப் புதியதற்கு மாற்ற வேண்டும். கூடவே ஒரு ஆடிட். பெரிய கஸ்டமர் ஒருவரின் ஆள் வந்து, "உங்கள் பேக்கப் டேப்பைப் பிரித்துக் காட்டுங்கள்" என்று கேட்பார். பிரிக்கும்போது ஒரு எச்சரிக்கை, ஒரே ஒரு வார்னிங் வந்தாலும் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்தக் காலத்திலும் டேப்பா என்கிறீர்களா? ஆமாம். டேப்பைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால், உலகத்தின் எந்த மூலையில் இருக்கிற திருடனும் இன்டர்நெட் வழியாக பீரோவுக்குள் கை விட முடியாது. அதனால் இன்னமும் உயிரோடு இருக்கிறது. ஃபைல்களையெல்லாம் மூட்டையாகக் கட்டி டேப்பில் ஏற்ற ஒரு கமாண்ட். அதே கமாண்ட்தான் மூட்டையைப் பிரிக்கவும் செய்யும்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் பழைய சர்வரில் மூட்டை கட்டினேன். டேப்பை உருவி, புதிய சர்வரில் செருகிப் பிரித்தேன். மளமளவென்று ஃபைல்கள் இறங்கின... கடைசியில் ஏழெட்டு ஃபைல்களுக்கு மட்டும் அந்த வார்னிங். எல்லாம் அட்டெண்டன்ஸ் ஃபைல்கள்.

மேனேஜரைக் கூப்பிட்டேன். மேனேஜர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று கேட்டிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். போனில் இருந்தார், கையைக் காட்டினார். சரி, அவர் வருவதற்குள் ஒரு டீ குடிக்கலாம் என்று கேன்டீனுக்குப் போய் வந்தேன். அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அதே டேப்பை அதே கமாண்டால் மறுபடி பிரித்தேன்.

ஒரு வார்னிங்கும் இல்லை!

"எங்கே மேடம்?" என்றார்.

மறுநாளும் இதே கூத்து. உடனே பிரித்தால் வார்னிங். டீ குடித்துவிட்டு வந்து பிரித்தால் பச்சைப் பிள்ளை மாதிரி இருக்கிறது. டேப்பை மாற்றினேன். கிளீனிங் கேசட் போட்டு ஹெட்டைத் துடைத்தேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். போனைக் கேட்டிலேயே வாங்கி லாக்கரில் வைத்துவிடுகிறார்கள், யாரிடமும் கேட்கவும் வழியில்லை. இத்தனை வருட சர்வீஸில் டீயால் குணமாகிற வியாதியை நான் பார்த்ததே கிடையாது.

அப்புறம்தான் உறைத்தது. இரண்டு சர்வரிலும் 'இப்போது மணி என்ன' என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

பழைய சர்வர் பத்து நிமிடம் ஃபாஸ்ட்.

புதியது இன்டர்நெட்டில் சரியான நேரத்தை வாங்கிக்கொண்டிருந்தது. பழையது எழுதி முடித்த ஃபைலை அது கையில் வாங்கும்போது, அந்த நேரம் அதற்கு இன்னும் வரவே இல்லை. எதிர்காலம்! நான் டீ குடித்து முடிப்பதற்குள் அந்த எதிர்காலம் வந்து சேர்ந்துவிடுகிறது. வார்னிங் போய்விடுகிறது. நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். எந்த தேசத்திலோ உட்கார்ந்து இந்தக் கமாண்டை எழுதிய புண்ணியவான், ஃபைல் ஒன்று நாளைக்கே எழுதப்பட்டு இன்றைக்கு வந்து நின்றால் என்ன செய்வது என்றுகூட யோசித்திருக்கிறார், பாருங்கள். நானெல்லாம் நாளைக்கு என்ன சமையல் என்று யோசிக்கவே திணறுகிறேன்.

பழைய சர்வரின் நேரம்தான் பஞ்சிங் மெஷினுக்கும், சங்குக்கும், சுவரில் தொங்கும் கடிகாரங்களுக்கும். அப்படியானால் தொழிற்சாலையே பத்து நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. யாருக்குமா தெரியவில்லை?

வருகைக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீஸ் பொறுப்பில் செல்வராணி என்று ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து நான் செய்வதையெல்லாம் இரண்டு நாளாகக் கவனித்துக்கொண்டே இருந்தார். அவரிடம் போய், "உங்க கடிகாரமெல்லாம் ஃபாஸ்டா ஓடுதே, பாத்தீங்களா?" என்றேன்.

முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்து தண்ணீர் கேன் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"மெதுவா பேசுங்க மேடம். அது எங்களுக்குத் தெரியும்."

"எங்களுக்குன்னா?"

"லைன்ல கீற அத்தினி பேருக்கும். கேட்ல கீற செக்யூரிட்டி அண்ணாத்தேக்கும் தெரியும். கேன்டீன்ல தெரியும். அது கம்பெனி டைம் மேடம். லாக்கர்ல போனை வச்சுட்டா கம்பெனி டைம். எடுத்துட்டா ஊட்டு டைம். மேனேஜர் சாருக்கு மட்டும்தான் தெரியாது."

அப்புறம் மெல்ல மெல்லச் சொன்னார். பாதிப் பேர் ஆவடி தாண்டி, திருநின்றவூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். திருநின்றவூர் அவர்கள் வாயில் தின்னனூர்.

"ரயில் டைம மாத்திட்டாங்க மேடம். முன்னெல்லாம் சங்கு ஊதுன பின்னாடி பொறுமையா நடந்து போனாலே வண்டி கெடைக்கும். மாத்துனதுக்கு அப்புறம் நாங்க ஸ்டேஷனாண்ட வரச்சொல்லவே அது போய்கினு இருக்கும். அடுத்த வண்டில தின்னனூர்ல போய் எறங்குனா எங்க ஊருக்கு பஸ்ஸு கெடையாது. இருட்டுல ஏரிக்கரை மேலயே நடக்கணும். அப்பன்காரன் உடுவானா? புருசன்காரன் உடுவானா? எத்தினியோ பொண்ணுங்க வேலைய உட்டு நின்னுட்டாங்க. என்னையும் ஊட்டுல நின்னுடச் சொல்லிட்டாங்க."

"மேனேஜரைக் கேக்கலையா?"

"கேக்காம? காலைல பத்து நிமிஷம் முன்னாடியே வந்துடறோம் சார், சாயங்காலம் பத்து நிமிஷம் முன்னாடி உட்டுடுங்கன்னு கெஞ்சினோம். முடியாதுன்னுட்டாரு. எல்லா ஊரு கம்பெனிக்கும் ஹெட் ஆபீஸ்ல ஒரே டைமா போட்டுக்கீறாங்களாம். அதுல கை வைக்க அவருக்கே பவர் இல்லியாம்."

"அப்புறம்?"

செல்வராணி மாங்காடு இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மாங்காட்டம்மாவுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வச்சுக் கும்பிட்டோம். ஆறாவது வாரம் முடியச்சொல்ல மிஷின் தானா கெட்டுப் போச்சு மேடம்! சரியா பத்து நிமிஷம்! இப்பவும் மாசத்துக்கு ஒரு வாட்டி யாராவது ரெண்டு பேர் போய்ட்டு வந்துடுவோம். அத யாரும் சரி பண்ணிடக் கூடாதுன்னு."

மெஷின் நன்றாக ஓட வேண்டும் என்று பொட்டு வைத்துக் கும்பிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கெட்டது கெட்டபடியே இருக்க வேண்டும் என்று ஒரு வேண்டுதல்... எனக்குப் புல்லரித்துவிட்டது.

"நீங்க சரி பண்ணிடுவீங்களா மேடம்?"

அதற்குத்தானே என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்! புதிய சர்வர் ஓட ஆரம்பித்த அன்றைக்கே தொழிற்சாலைக்குச் சரியான நேரம் வந்துவிடும். ரயில் போய்விடும். செல்வராணியின் வேலையும் போய்விடும். "பாக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் ஒரு விஷயம் இடித்தது. கெட்டுப்போன கடிகாரத்தின் லட்சணம் எனக்குத் தெரியும். இன்றைக்கு இரண்டு நிமிடம் தள்ளிப் போகும், அடுத்த மாதம் ஐந்து நிமிடம். இப்படிப் பிடித்து வைத்தது மாதிரி பத்திலேயே நிற்காது. மேனேஜரிடம் சொல்லிப் பழைய சர்வரைத் திறந்து பார்த்தேன். தினமும் காலையில் இன்டர்நெட்டில் சரியான நேரத்தைக் கேட்டு வாங்கி, அதன் தலையில் பத்து நிமிடத்தைக் கூட்டி வைக்கும்படி ஒரே ஒரு வரி எழுதியிருந்தது. கெடவில்லை. யாரோ உட்கார்ந்து, யோசித்து, ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.

யார்? அந்த சர்வரின் பாஸ்வேர்டு ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. இரண்டு நாளாக நான் கேட்கும்போதெல்லாம், முதுகை எனக்குக் காட்டி மறைத்துக்கொண்டு, இரண்டே விரலால் தட்டிவிட்டுப் போனவர்.

மேனேஜர்.

எல்லாருக்கும் முன்னால் முடியாது என்று சொன்ன மனிதர். ஷிப்ட் நேரத்தில் கை வைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அதனால் நேரத்திலேயே கை வைத்துவிட்டார்! ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. நன்றியெல்லாம் அம்மனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, இவர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எவ்வளவு பெரிய ஆளை இரண்டு நாளாக சிடுமூஞ்சி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் அறைக்குப் போனேன்.

"சார், பழைய சர்வர் பத்து நிமிஷம் ஃபாஸ்ட். அதான் வார்னிங்."

பேனா மூடியைத் திறந்தார், மூடினார். "வயசாயிடுச்சு மேடம் அந்த மெஷினுக்கு."

"வயசானா இவ்வளவு கரெக்டா தப்பு பண்ணாது சார்."

"காபி சாப்பிடறீங்களா?" என்றார்.

காபி வந்தது. ரொம்ப நேரம் இரண்டு பேரும் அதை ஆற்றினோம்.

"அந்த வார்னிங்கை மட்டும் நிறுத்த முடியாதா மேடம்?"

"முடியும் சார். அதை மட்டும் வாயை மூடிக்கச் சொல்ல கமாண்டிலேயே ஒரு வழி இருக்கு. ஆனா ஆடிட்டர் அந்த வரியைப் பார்த்தா ஏன்னு கேப்பார்."

"ரெண்டு சர்வரும் ஒரே டைம்ல இருந்தா?"

"அப்ப வார்னிங்கே வராது."

"அப்ப ஒரே டைம்ல வச்சிடுங்க."

எனக்குத் தெரியும்தான். ஆனாலும் அவர் வாயால் கேட்க வேண்டும் போல இருந்தது. "எந்த டைம் சார்?"

கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். லைனில் தலைகள் குனிந்து ஒயர் கட்டிக்கொண்டிருந்தன.

"கம்பெனி டைம்," என்றார்.

தண்ணீர் கேன் பக்கத்தில் செல்வராணி கிசுகிசுத்த அதே வார்த்தை! ஆக, அவர்களுக்குத் தெரியும் என்பது இவருக்கும் தெரிந்திருக்கிறது. எழுந்து போய் அந்த ஒரு வரியைப் புதிய சர்வரில் எழுதினேன்.

இது சரியா, தப்பா? திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டி எழுதலாம். காலையில் பத்து நிமிடம் முன்னால் வருகிறார்கள், சாயங்காலம் பத்து நிமிடம் முன்னால் போகிறார்கள். யாருக்கும் ஒரு நிமிடமும் நஷ்டமில்லை. மற்றபடி ஊரை, பேரை, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையெல்லாம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். தேடிக்கொண்டு போகாதீர்கள்.

ஆடிட் முடிந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்கு எல்லாரும் பஞ்ச் பண்ணிவிட்டுப் போன உடனேயே டேப்பை எழுதி, அந்த நிமிடமே பிரித்துக் காட்டினேன். ஒரு வார்னிங் இல்லை. ஆடிட்டர் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மனிதர் "ச்சே" என்று முணுமுணுத்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வைத்துக்கொண்டு போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் கொரட்டூருக்குத் திரும்ப, நான் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் நின்றேன். எதிர்ப் பிளாட்பாரத்தில் செல்வராணியும் மற்றவர்களும். யாரும் ஓடி வரவில்லை, யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. ஒருத்தி சுண்டல் பொட்டலத்தை நாலு பேருக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். செல்வராணி என்னைப் பார்த்து, 'என்ன ஆச்சு?' என்பதுபோல் கையை விரித்துக் கேட்டார். நான் பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். அவ்வளவுதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வண்டி வந்து எங்களுக்கு நடுவே நின்றது. அது கிளம்பிப் போனபோது எதிர்ப் பிளாட்பாரத்தில் ஒரு ஆள்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் ஹால் கடிகாரமும் பத்து நிமிடம் ஃபாஸ்ட்தான். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? லேட்டாகக் கூடாது என்று என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் தள்ளி வைத்தது. ஃபாஸ்ட் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதனால் பார்க்கும்போதே ஒவ்வொருவரும் மனசுக்குள் பத்தைக் கழித்துவிட்டு சாவகாசமாகக் காலை நீட்டி உட்காருவோம்.

அங்கேயும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் காலையில் ஒருத்திகூட அந்தப் பத்தைக் கழிப்பதில்லை. ஒருத்தி கழித்தால், அடுத்தவள் கழிப்பாள். அப்புறம் லேட் கணக்கு ஏறும், ஏன் என்று கேள்வி வரும், கடிகாரத்தை யாராவது வந்து சரி பண்ணிவிடுவார்கள். அத்தனை பேரும் சேர்ந்து, ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொள்ளாமல், இல்லாத ஒரு நேரத்தைத் தினமும் உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள். நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

எங்கள் வீட்டுக் கடிகாரம் இத்தனை வருடமாக ஃபாஸ்ட்... இதுவரை ஒரு ரயிலைக்கூட நாங்கள் ஓடாமல் பிடித்ததில்லை.